மூன்றாம் அத்தியாயத்துப் பெண்

மார்ச் 4, 2013. லியோன்

மாமா வந்து சேர்ந்துவிட்டார். லிஃப்ட் மறுபடியும் பழுது. ஆம்புலன்ஸ்காரர்கள் இருவர் அவரை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு ஏறினார்கள். ஒவ்வொரு மாடித் திருப்பத்திலும் அவர்களிடம் மன்னிப்புக் கேட்டபடியே வந்தார். போன மாதம் குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. இனி அவர் தனியாக இருக்கக்கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டதால் என் அறையை ஒழித்துக் கொடுத்தோம். தையல் மிஷின் தாழ்வாரத்துக்குப் போயிற்று. என் தமிழ்ப் புத்தகங்கள் கட்டிலடிக்குப் போயின. அதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை.

மாமனாரை நேரில் அர்மான் என்று பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும், இந்த ஊர் வழக்கம் அப்படி. காரைக்காலில் பிறந்த எனக்கு எழுதும்போது அது வரமாட்டேன் என்கிறது. இங்கே அவர் மாமாதான். என் கணவன் திதியேவை மட்டும் அவன் என்று எழுதப் பழகிவிட்டேன். அக்கா பார்த்தால் தலையில் குட்டுவாள். இருவரும் பிரெஞ்சில் பேசுவதை என் காதுக்குக் கேட்கிற தமிழில் எழுதிவைக்கிறேன். இதைப் படிக்கப்போவது நான் ஒருத்திதான்.

மார்ச் 9

ரசத்தை சூப் என்று நினைத்துக் கரண்டியால் குடித்துவிட்டு இன்னும் கேட்டார் மாமா.

காலையில் திதியே பல்கலைக்கழகத்துக்குப் போனதும் என்னைக் கூப்பிட்டார்.

"மங்கை, உங்களுக்கு வேலை அதிகம்னு தெரியும். என் கை பேனா பிடிக்க மாட்டேங்குது. நான் சொல்லச் சொல்லக் கம்ப்யூட்டர்ல அடிக்க முடியுமா?"

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து என்னை நீங்கள் என்றுதான் அழைக்கிறார். சரி என்றேன். நகராட்சி நூலகத்தில் என் வேலை மதியம்தான் தொடங்குகிறது. திருப்பிக் கொடுத்த புத்தகங்களை அடுக்குவதற்குள் கை மரத்துப்போகும். பிரெஞ்சு ஆசிரியையாக இருந்தவள் நான். அது வேறு கதை.

மாமாவுக்கு எண்பத்தொரு வயது. சேந்த் எத்தியேனில் ஒரு நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளியின் மகன். உதவித்தொகையில் படித்துப் பள்ளியில் தத்துவம் கற்பித்தார், பிறகு இதே ஊர்ப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். எழுதியவை பல. பெயர் வாங்கித் தந்தது ஒன்றே ஒன்று, 'நாளையும் நானே'. தத்துவம் படிக்காத எனக்குப் புரிந்தவரை அதன் சாரம் இது. மனிதன் நாளுக்கு நாள் மாறிப்போகிறான். நேற்று ஆசைப்பட்டவன் இன்று இல்லை. அவனை ஒரே ஆளாகக் கட்டி நிறுத்துவது அவன் கொடுத்த வாக்கு மட்டும்தான். மனம் மாறிய பிறகும் வாக்கைக் காப்பாற்றுகிறவனே சுதந்திரமானவன். மற்றவர்கள் கொடியில் காயும் துணி மாதிரி, காற்று அடிக்கிற பக்கம் போகிறவர்கள்.

வரும் ஜூனில் அந்தப் புத்தகத்துக்குப் புதிய பதிப்பு வருகிறது. பல்கலைக்கழகத்தில் ஒரு கருத்தரங்க அறைக்கு மாமாவின் பெயரைச் சூட்டுகிறார்கள். முன்னுரை எழுதுவது திதியே, அவனும் தத்துவப் பேராசிரியன்தான். மாமா பின்னுரை எழுதப்போகிறார். அதற்குத்தான் நான்.

மார்ச் 12

புதுச்சேரியில் ஒரு பள்ளிக்கு பிரெஞ்சு ஆசிரியை வேண்டுமாம், இரண்டு வருட ஒப்பந்தம். சும்மா விண்ணப்பித்து வைத்தேன். கிடைக்கப்போவதில்லை.

மார்ச் 21

மழை, மழை, மழை. துவைத்த துணியெல்லாம் வீட்டுக்குள் தொங்குகிறது. ஈர வாடையில் என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. சமையலறை அலமாரியை மறுபடி துடைத்தேன்.

மாமா இன்று மூன்றாம் அத்தியாயத்துக்கு வந்தார். புத்தகத்தில் எல்லாரும் மேற்கோள் காட்டும் பகுதி அதுதான். ஒரு பெண் பெட்டியோடு ரயில் நிலையத்தில் நிற்கிறாள். கணவனையும் வீட்டையும் விட்டுப் போகிறாள். வண்டி வந்துவிட்டது. தடுக்க யாரும் இல்லை. தான் கொடுத்த வாக்கு நினைவுக்கு வருகிறது, பெட்டியை எடுத்துக்கொண்டு தானாகத் திரும்பி நடக்கிறாள். அந்த நடைமேடையில் அவளைவிடச் சுதந்திரமானவர் யாரும் இல்லை என்று அத்தியாயம் முடியும். திதியே இதை வருடாவருடம் முதலாண்டு மாணவர்களுக்கு நடத்துகிறான். சொல்லும்போது அவன் குரலே மாறிவிடும். ஒருமுறை கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன்.

"எழுதுங்க," என்றார் மாமா. "அந்தப் பெண் வாக்குக்காகத் திரும்பவில்லை."

அடித்தேன். அடுத்த வாக்கியத்துக்காகக் காத்திருந்தேன்.

"அவ்வளவுதான். இன்னிக்கு இது போதும்."

மார்ச் 30

அக்கா வேதவல்லி போன் பண்ணினாள். பின்னால் கோழி கத்தியது.

"என்னாடி, வேலைக்கு எழுதிப் போட்டிருக்கேங்கிற, அவுருகிட்ட சொல்லலைங்கிற. என்ன நெனச்சுக்கிட்டிருக்கே?"

"கெடைக்கட்டும், பாத்துக்கலாம். அம்மா வூட்டு கூரை வேற ஒழுகுது. பக்கத்துல இருந்தா கவனிச்சுக்கலாம்ல."

"கூரைக்கு கொத்தனார் இருக்கான். நீ எதுக்கு? சண்டையா?"

"சண்டையெல்லாம் ஒண்ணுமில்ல."

"சண்ட போட்டாலும் தேவல போலருக்கே," என்றாள்.

சண்டை இல்லை என்பது உண்மை. திதியே நல்லவன். சாப்பிட்ட தட்டைக் கழுவி வைப்பான். என் பிறந்தநாளை மறக்க மாட்டான். கல்யாணத்தன்று என்னென்ன சொன்னானோ அத்தனையும் செய்கிறான்.

ஏப்ரல் 11

பருப்பு அடியில் பிடித்துவிட்டது. காரணத்தை எழுதுகிறேன்.

மாமாவுக்கு மாத்திரை கொடுத்துக்கொண்டே, ஏதாவது பேச வேண்டுமே என்று கேட்டேன். "அந்த ரயில்வே ஸ்டேஷன் பெண் வாக்குக்காகத் திரும்பலைன்னா, வேறெதுக்குத் திரும்பினா?"

தண்ணீரைக் குடித்து முடித்தார். பிறகு, "ஒதெத்," என்றார்.

ஒதெத் என் மாமியார். இறந்து நான்கு வருடமாகிறது.

"அது கற்பனை உதாரணம் இல்லையா?"

"எழுபத்திரண்டாம் வருஷம். மார்செய்யில ஒரு நாடகக் குழுவில உடை தைக்கிற வேலை கிடைச்சிருந்தது அவளுக்கு. வேற ஆள் யாரும் கிடையாது, மங்கை. ஊரெல்லாம் அப்படித்தான் நினைச்சிருக்கும். அவளுக்குப் போகணும், அவ்வளவுதான். மூணு மாசம் அவளோட வாதாடினேன். நீ வாக்குக் கொடுத்திருக்கேன்னேன். அவளால எனக்குப் பதில் சொல்ல முடியலை. வாதாடுறதுதான் என் தொழில். ஒரு காலையில பெட்டியை எடுத்துக்கிட்டுக் கிளம்பிட்டா."

"பிறகு?"

"புத்தகத்தில தடுக்க யாரும் இல்லைன்னு எழுதியிருக்கேன். நான் இருந்தேன். திதியேவைத் தூக்கிக்கிட்டு அவளுக்கு முன்னாடியே ஸ்டேஷனுக்குப் போயிட்டேன். வண்டிக் கதவுக்கு நேரா நின்னேன். அவனுக்கு ஆறு வயசு, நல்ல கனம்."

அடுப்பு ஞாபகம் அப்போதுதான் வந்தது.

ஒதெத் என்னிடம் முதன்முதலாகப் பேசியது இப்போது நினைவுக்கு வருகிறது. அவர்கள் வீட்டில் நான் சாப்பிட்ட முதல் மதியம், பாலாடைக்கட்டியை என் பக்கம் நகர்த்திவிட்டு, "நீ எதுக்கு இங்கே வந்தே?" என்று கேட்டார். என் நிறத்தைச் சொல்கிறார் என்று நினைத்து வருடக்கணக்கில் மனசுக்குள் வைத்திருந்தேன்.

ஏப்ரல் 12

திதியேவிடம் சொல்லவில்லை. நான் சொல்ல வேண்டிய விஷயம் இல்லை இது. அவனிடம் சொல்லாததில் இதுவும் ஒன்று.

ஏப்ரல் 26

பின்னுரையை அவன் படித்துவிட்டான். என்னிடம் கேட்டுவிட்டுத்தான் திறந்தான். வேண்டாம் என்று சொல்ல எனக்குக் காரணம் கிடைக்கவில்லை. அதில் ஒதெத்தின் பெயர் இல்லை, குழந்தையும் இல்லை. அந்த உதாரணம் பொய், அந்தப் பெண்ணை ஒருவர் தடுத்தார், ஆகவே புத்தகத்தின் முடிவும் நிற்காது, அவ்வளவுதான் இருக்கிறது. எட்டுப் பக்கம்.

அவன் நேராக மாமாவின் அறைக்குப் போனான். நான் துணி மடித்தேன். கதவு திறந்தே இருந்தது.

"இதைப் போட முடியாது, அப்பா."

"ஏன்?"

"ஒரு உதாரணம் தப்புன்னா வாதமே தப்பாகிடுமா? உன் மாணவன் இப்படி எழுதினா நீயே அடிச்சிருப்பே."

"வாதத்திலிருந்து உதாரணத்துக்கு நான் வரலை, திதியே. உதாரணத்திலிருந்துதான் வாதத்துக்குப் போனேன். அது இல்லைன்னா அந்தப் புத்தகமே இல்லை."

"நாற்பது வருஷமா ஆளுங்க அதைப் படிக்கிறாங்க!"

"அதனாலதான் சொல்றேன்."

"எல்லாரும் செத்த பிறகு உனக்கு மனசு சுத்தமாகணும். அதுக்கு நாங்க இடிபடணுமா?"

 திதியே வெளியே வந்து, நான் மடித்து வைத்த சட்டையை எடுத்து உதறி, மறுபடி மடித்தான்.  தன் பெயர் கெடும் என்று பயப்படுகிறான் என்று நினைத்தேன். முன்னுரை எழுதியவன் இல்லையா? அப்படித்தான் நினைத்தேன்.

மே 3

புதுச்சேரிக்காரர்கள் ஸ்கைப்பில் பேட்டி எடுத்தார்கள். மாமா தூங்கிக்கொண்டிருந்தார், திதியே வகுப்பில். தாழ்வாரத்தில் தையல் மிஷினுக்கு முன்னால் உட்கார்ந்து பேசினேன். நன்றாகத்தான் பேசினேன். எழுவாயும் வினையும் என்ற பாடத்தைக் குழந்தைகளுக்கு எப்படிச் சொல்லித் தருவேன் என்று கேட்டபோது எழுந்து நின்றே நடத்திக் காட்டிவிட்டேன். அந்த அம்மா சிரித்தார்.

பிறகு நூலகத்துக்குத் தவறான டிராமில் ஏறிவிட்டேன். கடைசி நிறுத்தம்வரை போய்த்தான் கவனித்தேன்.

மே 19

வெயில் வந்துவிட்டது. மாமாவைப் பார்த்துக்கொள்ள நர்ஸ் வந்ததும் திதியே, "வா, கொஞ்சம் நடக்கலாம்," என்றான். இருவரும் சேர்ந்து நடந்து எவ்வளவு காலமாயிற்று. ஆற்றங்கரையில் ஆட்கள் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தார்கள்.

பாலத்தின் நடுவில் நின்றான். "அப்பா உன்கிட்ட சொல்லியிருப்பார். அது அம்மாதான்னு."

ஆமாம் என்றேன். ஏன் சொல்லவில்லை என்று கேட்பான் என்று நினைத்தேன். கேட்கவில்லை.

"எனக்கும் தெரியும், மங்கை. நான் அங்கேதான் இருந்தேன்."

"உனக்கு ஞாபகம் இருக்கா?"

"அப்பாவோட கோட்டு வாடை ஞாபகம் இருக்கு. எஞ்சின் சத்தம். அழுகைச் சத்தம். ஸ்டேஷனே திரும்பிப் பார்க்கிற மாதிரி அழுகை. அம்மா பெட்டியைக் கீழே வெச்சாங்க. நான் அழுதேன், அம்மா வந்துட்டாங்க."

கைப்பிடிச் சுவரில் இருந்த சுண்ணாம்பை நகத்தால் சுரண்டிக்கொண்டே பேசினான்.

"எனக்கு எட்டு வயசில அப்பா புத்தகம் வந்தது. புரியிற வயசு வந்ததும் படிச்சேன். அம்மா தானாகத் திரும்பினாங்கன்னு அச்சில இருந்தது. தடுக்க யாரும் இல்லைன்னு இருந்தது. எனக்கு எவ்வளவு நிம்மதின்னு சொல்லத் தெரியலை. அதுக்கப்புறம் வேற என்ன படிப்பேன் நான்? வருஷாவருஷம் கிளாசில நின்னு அதைச் சொல்லுவேன். என் அழுகையால இல்லை, என் அழுகையால இல்லைன்னு."

"ஆறு வயசுப் பிள்ளை அழுதா அது தப்பா?"

"தப்புன்னு சொல்லலை. அதுக்கப்புறம் முப்பத்தேழு வருஷம் அம்மா ஜன்னல்கிட்ட உட்கார்ந்து சீட்டுக்கட்டை அடுக்கினாங்களே, அதுக்கு யாராவது காரணமா இருக்கணுமில்ல?"

அவன் தோளில் கை வைத்தேன். வைத்த கையை அப்புறம் என்ன செய்வது என்று தெரியவில்லை. திரும்பி வரும் வழியில் தக்காளி வாங்கினோம்.

ஜூன் 1

புதுச்சேரியிலிருந்து மின்னஞ்சல். வேலை கிடைத்துவிட்டது. மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும்.

சந்தோஷமாக இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டு ஜன்னல் கண்ணாடிகளைத் துடைத்தேன். பின்னுரை விஷயத்தில் தகப்பனும் மகனும் பேசிக்கொள்வதில்லை. உப்பை எடு, மாத்திரை போட்டாயா, இவ்வளவுதான். பதிப்பகத்தார் பின்னுரை எங்கே என்று கேட்டு அழைத்தார்கள். இரண்டு பேருமே போனை என்னிடம் நீட்டினார்கள்.

ஜூன் 15

நேற்று விழா. உட்கார்ந்து எழுத இன்று காலைதான் முடிகிறது.

மாமாவுக்குச் சாம்பல் நிறக் கோட்டு போட்டுவிட்டேன். சக்கர நாற்காலி வேண்டாம் என்று ஊன்றுகோலோடு நடந்தார். அறை நிறையக் கூட்டம். முன்னாள் மாணவர்கள், தலை நரைத்தவர்கள், கதவோரத்தில் நின்றுகொண்டிருந்த இளைஞர்கள். துறைத் தலைவர் பேசினார், பெயர்ப்பலகையின் திரையை விலக்கினார், கைதட்டல். திதியேவும் நானும் மூன்றாவது வரிசையில். மாமா இரண்டு நிமிடம் நன்றி சொல்வார் என்றுதான் நிகழ்ச்சி நிரலில் இருந்தது.

அவர் பையிலிருந்து பின்னுரையை எடுத்தார்.

உட்கார்ந்துகொண்டே படித்தார். தாள் நடுங்கியதால் அடிக்கடி வரி தவறியது. உதாரணம் பொய் என்ற இடத்தில் யாரோ சிரித்தார்கள், வேடிக்கை என்று நினைத்திருப்பார்கள். பிறகு யாரும் சிரிக்கவில்லை. "சம்மதம் இல்லாமல் காப்பாற்றப்பட்ட வாக்கு வாக்கு அல்ல. அதற்கு வேறு பெயர் உண்டு. அந்தப் பெயரைத் தவிர்ப்பதற்காகவே முந்நூறு பக்கம் எழுதினேன்." இந்த வாக்கியத்தை அடித்தது நான்தான். அறையில் கேட்டபோது அது வேறாக இருந்தது.

முடித்ததும் யாரும் கைதட்டவில்லை. எதற்குத் தட்டுவது? துறைத் தலைவர் எழுந்து கேள்வி ஏதாவது உண்டா என்று மென்று முழுங்கினார்.

திதியே எழுந்தான். அவன் சட்டை நுனியை நான் பிடித்தேன். நழுவிவிட்டது.

"பேராசிரியருக்கு ஒரு கேள்வி," என்றான். சபையில் அப்பாவை நீங்கள் என்று அழைத்தான். "அந்தப் பெண்ணைத் தடுக்க ஒருவர் போனார் என்கிறீர்கள். அவர் கையில் ஒரு குழந்தை இருந்தது என்று வைத்துக்கொள்வோம். அந்தக் குழந்தை அழாமல் இருந்திருந்தால், அந்தப் பெண் வண்டி ஏறியிருப்பாரா?"

குழந்தையைப் பற்றிப் பின்னுரையில் ஒரு வார்த்தையும் இல்லை. கூட்டத்தில் சிலர் குறிப்பெடுத்தார்கள், நல்ல கேள்வி என்பதுபோல.

மாமா மகனையே பார்த்தார். ஊன்றுகோலைத் தேடி எடுத்து எழுந்து நின்றார். எழுந்து நிற்கவே அவருக்குப் பெரும்பாடாக இருந்தது.

"உனக்கு ஞாபகம் இருக்கா?" என்றார். நீ என்றார். அறையில் இருந்தவர்களையே மறந்துபோனவர் போல.

"அழுகை ஞாபகம் இருக்கு."

"அழுதது நீ இல்லை, திதியே. நீ எஞ்சினைப் பார்த்துக்கிட்டிருந்தே. உனக்கு ஒரே சந்தோஷம், அம்மாவுக்குக் கையாட்டிக்கிட்டே இருந்தே. அழுதவன் நான். அவ்வளவு பேருக்கு நடுவில, வாய்விட்டு. என் வாதமெல்லாம் அவகிட்ட தோத்துப்போச்சு, அதனால அழுதேன். அவ திரும்பினது எனக்காக. இரக்கப்பட்டுத் திரும்பினா. அதை எழுத எனக்குத் துணிச்சல் இல்லை. குழந்தையை எடுத்துட்டேன், என்னை எடுத்துட்டேன், அவளை மட்டும் தனியா நிக்க வெச்சு, சுதந்திரம்னு பேர் வெச்சேன்."

திதியே உட்காரவில்லை. வரிசையில் இருந்த முழங்கால்களையெல்லாம் தாண்டி முன்னால் போனான். அப்பாவின் கையைப் பிடிப்பான் என்று நினைத்தேன். நாற்காலியை இழுத்து, அவர் பின்னால் சரியாகப் போட்டு, "உட்காரு," என்றான். அவ்வளவுதான் செய்தான். மாமா உட்கார்ந்தார். அவன் பக்கத்திலேயே நின்றான், விழா முடிந்து எல்லாரும் பழரசம் குடிக்கப் போகும்வரை.

ஜூன் 16

இரண்டு பேரும் மதியம்வரை தூங்கினார்கள். இட்லி வார்த்தேன். மாவு சரியாகப் புளிக்கவில்லை. ஆளுக்கு ஐந்து சாப்பிட்டார்கள்.

ஜூன் 29

இன்று சொல்லிவிட்டேன். திதியே உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தான். பின்னுரை முழுசாக அச்சாகப்போகிறது, முன்னுரையைத் திரும்ப வாங்கிக்கொண்டேன், புதிதாக எழுத ஒன்றும் வரவில்லை என்று பேசிக்கொண்டிருந்தான். நடுவில், "புதுச்சேரியில எனக்கு வேலை கிடைச்சிருக்கு, ரெண்டு வருஷம்," என்றேன். கூரை ஒழுகுவதைப் பற்றியும் ஏதோ சொன்னேன். அவன் அதைக் காதில் வாங்கவில்லை.

"எப்ப விண்ணப்பிச்சே?"

"மார்ச்சில."

"ஏன் சொல்லலை? போகாதேன்னு சொல்லிடுவேன்னு பயமா?"

"போன்னு சொல்லிடுவியோன்னு," என்றேன்.

எனக்கே தெரியாமல் வந்துவிட்டது அது. கத்தியைக் கீழே வைத்தான். 

"போகாதேன்னு சொல்லணும்னுதான் இருக்கு," என்றான். "சொல்லலாமா?"

"சொல்லு."

"போகாதே."

அழுகை வந்தது எனக்கு, கூடவே சிரிப்பும். கல்யாணத்துக்குப் பிறகு அவன் தனக்கென்று என்னிடம் எதையும் கேட்டதில்லை.

"போயிட்டு வரேன், திதியே," என்றேன். "எனக்குப் பாடம் நடத்தணும்."

தலையை ஆட்டினான். மூக்கை உறிஞ்சிக்கொண்டு கிழங்கை எடுத்தான். இருவரும் சீவினோம். மூன்று பேருக்கு வேண்டியதைவிட மிக அதிகமாகச் சீவிவிட்டோம்.

செப்டம்பர் 22. புதுச்சேரி

ஞாயிறு. வெயில் கொளுத்துகிறது. வாடகை அறையில் மின்விசிறி கடகடவென்று ஆடுகிறது. எப்போது விழுமோ தெரியாது. அக்கா இரண்டு தடவை வந்து பார்த்துவிட்டாள். "இளைச்சுட்டே," என்பாள், "ஆனா மொகம் தெளிஞ்சிருக்குடி." பிள்ளைகள் என்னைப் படுத்துகிறார்கள். தொண்டை கட்டிவிட்டது. வகுப்பு முடிந்ததும் அடுத்த வகுப்பு எப்போது என்று இருக்கிறது.

மதியம் திதியே அழைத்தான். மாமா புதிதாக ஏதோ எழுதத் தொடங்கியிருக்கிறாராம். தட்டச்சு செய்வது இப்போது அவன்.

"கமா போடத் தெரியலைன்னு திட்டறார். மங்கைகிட்ட ஒரு தடவை சொன்னா போதும்கிறார்."

பின்னால் மாமா கத்துவது கேட்டது. "ஒரு தடவை சொன்னா போதும்!"

பாடத்தில் அந்த மூன்றாம் அத்தியாயத்தை என்ன செய்தான் என்று கேட்டேன். இந்த வருடமும் நடத்தினானாம், பின்னுரையோடு சேர்த்து. ஒரு மாணவி கை தூக்கி, அந்தப் பெண் என்ன நினைத்தாள் என்று யாருமே கேட்கவில்லையா என்றாளாம். "கேட்கலைன்னு சொன்னேன். வேறென்ன சொல்ல?"

லைனில் இரைச்சல். பிறகு நான், "டிசம்பர் லீவுக்கு வரேன்," என்றேன்.

"வரேன்னு சொல்லாதே," என்றான் அவசரமாக. "வரணும்னு இருந்தா வா."

போனை வைத்தேன். தட்டைக் கழுவினேன், நாளைய பாடத்தை எடுத்தேன், மூடி வைத்தேன். டிசம்பருக்கு இன்னும் நாள் இருக்கிறது என்று தெரியும். இருந்தாலும் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் லியோனுக்கு விமானங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.